ஆம்ப்ரோஸ் டக்வெல் சொல்லாத பெயர்

சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, தொழில் பழகுகிற வாலிபர்களுக்கெல்லாம் விடுமுறை. லண்டனில் அன்றைக்கு அவர்கள் கையில் தடியும் வயிற்றில் பீருமாகக் கும்பல் கும்பலாகக் கிளம்புவார்கள். வேசி வீடுகளின் கூரையைப் பிரிப்பார்கள், அயல்நாட்டார் கடைகளை நொறுக்குவார்கள். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, லேஸ் பின்னி விற்கிற டச்சுக்காரக் கிழவி ஒருத்தியைத் தெருவில் தள்ளி அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாக வந்த ஆம்ப்ரோஸ் டக்வெல் ஒரு வார்த்தை பேசவில்லை. கிழவியின் மேலாகக் குனிந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, ஒரு மேசை மாதிரி நின்றுவிட்டார். வாலிபர்களின் கை ஓய்கிற வரைக்கும் அடியெல்லாம் அவர் முதுகில் விழுந்தது. பிறகு கிழவியைத் தூக்கி அவள் வீட்டு வாசலில் உட்காரவைத்து, சேற்றில் உருண்ட நூல்கண்டுகளைப் பொறுக்கி அவள் மடியில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி ஏவிஸ் சட்டையைக் கழற்றிப் பார்த்து அலறினாள். "என்னங்க இது, முதுகு பூரா கன்னிப்போய்க் கிடக்கு?"

"அச்சுக் கைப்பிடி நழுவிடுச்சு."

"முதுகுலயா?"

"திரும்பி நின்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். நடந்தது என்ன என்று நாலு நாள் கழித்துப் பால்காரி சொல்லித்தான் ஏவிஸுக்குத் தெரியும்.

ஆம்ப்ரோஸ் அச்சுக்கூடத்தில் கைப்பிடி இழுக்கிறவர். அச்சுக்காரர் வைபோர்ன் செத்த பிறகு அவருடைய விதவை நடத்திவந்த சின்ன அச்சுக்கூடம் அது. ஒரே ஒரு அச்சுப்பொறி. எழுத்துக் கோர்க்க ஏனோக் ஃப்ரெய்ன் என்று இருமல்காரர் ஒருவர். எழுத்தின் மேல் மை ஒற்றுகிற தோல் உருண்டைகளை மூத்திரத்தில் ஊறப்போட்டு மெதுவாக்குவது இந்தத் தொழிலின் வழக்கம். அதனால் அச்சுக்கூடத்து ஆள் வருகிறான் என்று தெருமுனையிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். இருபது வருஷம் இழுத்ததில் ஆம்ப்ரோஸுக்கு வலது தோள் இடது தோளைவிட ஒரு பிடி உயரம்.

பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் ஈய எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருக்கும் அல்லவா, அதைப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டார். திரும்பின எழுத்தை மளமளவென்று படிப்பார். அச்சான தாளைக் கொடுத்தால் தட்டித் தடுமாறுவார். கையால் எழுதினதைப் படிக்கச் சுத்தமாக வராது.

கோவிலில் பாடும்போது வேதத்துச் சங்கீதப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று ஏனோக் கேலி செய்வார். "உங்க அப்பா உங்களைத் தலைகீழா பெத்துட்டாரு ஆம்ப்ரோஸ், அதான்."

"நீங்க கோர்க்குற லட்சணத்துக்கு எப்படிப் படிச்சாலும் ஒண்ணுதான் அண்ணே" என்பார் இவர்.

ராஜா பார்லிமெண்டைக் கூட்டாமல் எட்டு வருஷம் ஓடியிருந்த காலம் அது. கடலே பார்க்காத ஊர்க்காரனும் கப்பல் வரி கட்டவேண்டியிருந்தது. கட்டமாட்டேன் என்றவன் வீட்டுப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். இதைப் பற்றி ஒருவர் எட்டுப் பக்கத்தில் எழுதினார். ராஜா முடிசூடின அன்றைக்குச் சட்டத்தைக் காப்பேன் என்று சத்தியம் செய்தார், ஆகவே சட்டம் அவருக்கும் மேலே. பார்லிமெண்டைக் கேளாமல் ஜனத்தின் மடியில் கை வைப்பது வரியல்ல, வழிப்பறி. இதுதான் அதன் சாரம். அச்சிடுவதற்கு அனுமதி முத்திரை கிடைக்காத விஷயம். கிடைக்காது என்று எழுதினவருக்கும் தெரியும், விதவைக்கும் தெரியும்.

"போய் வாங்கிட்டு வர்றது ஆம்ப்ரோஸ்தான்" என்றாள் விதவை. "கையெழுத்து படிக்கத் தெரியாதவன். வழியில என்ன கொண்டுவர்றான்னு அவனுக்கே தெரியாது."

எழுதினவர் யார் என்று தனக்குத் தெரியவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். அதனால் எழுதினவரின் முகத்தைப் பார்த்தது ஆம்ப்ரோஸ் ஒருவர்தான். திருத்தம் கேட்டுப் போனதும் அவர்தான். பெயரையும் அவர் ஒருவர்தான் அறிந்திருந்தார்.

ஒரு சவ அடக்கப் பிரசங்கத்தின் தாள்களுக்கு நடுவில் வைத்து, பட்டப்பகலில் அதை அச்சடித்தார்கள். கடைசித் தாள் காய்ந்ததும் விதவை ஈய எழுத்துகளையெல்லாம் கலைத்துப் பெட்டியில் போடச் சொன்னாள், கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டாள். பிறகு ஆம்ப்ரோஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"என்னப்பா?"

"என் பங்குப் பிரதி, முதலாளியம்மா."

அச்சுக்கூடத்தில் ஒரு வழக்கம். எந்தப் புத்தகம் அச்சானாலும் அதில் கைபட்ட ஒவ்வொரு வேலைக்காரனுக்கும் ஒரு பிரதி உரிமை. கோர்த்தவனுக்கு ஒன்று, இழுத்தவனுக்கு ஒன்று. கொடுக்காவிட்டால் அது அவனை அவமதித்தது மாதிரி. இந்த வழக்கங்களை மீறினால் எழுத்தைத் திருத்துகிற கல்மேசையில் குப்புறப் படுக்கவைத்துப் பலகையால் பின்புறத்தில் பதினோரு அடி. முதலாளியே ஆனாலும் அச்சு வேலைக்காரர்களின் சங்கம் விடாது.

"இந்தத் தடவை வேண்டாம்பா. இது சங்கீதப் புத்தகமா? கழுத்துக்கு வர்ற சமாசாரம்."

"எல்லாத்துலயும் ஒண்ணு எடுத்திருக்கேன். இதுல ஒண்ணு இல்லாட்டி, இதை நான் இழுத்ததே இல்லைன்னு ஆகும்."

ஏனோக் இருமிக்கொண்டே, "வழக்கம் வழக்கம்தான் அம்மா" என்றார். தன் பங்கை மட்டும் அவர் கேட்கவில்லை. அவர் புத்திசாலி.

ஆம்ப்ரோஸ் தன் பிரதியை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏவிஸுக்குப் படிக்கத் தெரியாது. அதுவும் ஒரு பாதுகாப்பு என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் பரணில் மேசைத்துணிக்கு அடியில் செருகினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஏவிஸ் ஆற்றுப்படித்துறையில் விலாங்குமீன் அப்பம் விற்கிறவள். சூடான அப்பம் கையில் ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தாள் வைப்பாள். அச்சுக்கூடத்தில் மை கெட்ட தாள்களை வெள்ளிக்கிழமைதோறும் ஆம்ப்ரோஸ் கட்டாகக் கொண்டுவந்து அதே பரணில்தான் போடுவார். அந்த வாரம் கட்டு தீர்ந்துபோயிற்று. மேசைத்துணியை எடுத்தாள், தாள் இருந்தது. முதல் பக்கத்தில் கொடிகளுக்கு நடுவே ஒரு சிங்கம் செதுக்கிய பெரிய எழுத்து இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அந்தப் பக்கத்தை மேலே வைத்து, நல்ல அப்பம் ஒன்றை அதன்மேல் வைத்தாள்.

அந்த அப்பத்தை வாங்கினவன் கிரிம்ஸ்டன். திருட்டு அச்சைத் தேடிப் பிடிப்பதுதான் அவன் பிழைப்பு. ஒரு காலத்தில் அவனும் அச்சுக்கோர்த்தவன்தான். அப்பத்தைத் தின்று, விரலை நக்கி, தாளைக் கசக்கப்போனவன் நின்றான். சிங்கத்தின் கழுத்துக்குக் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மரக்கட்டை விரிசல் விட்டிருந்தால் அச்சில் அப்படி விழும். அந்த விரிசல் சிங்கத்தை வைபோர்ன் அச்சுக்கூடத்துப் பிரசங்கங்களில் அவன் பத்துத் தடவை பார்த்திருக்கிறான். பிறகு எண்ணெய்க்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆறு ஆட்களோடு வந்தான். கதவைத் தட்டவில்லை, உடைத்தார்கள். சம்மட்டியால் அச்சுப்பொறியின் தூண்களை அடித்துச் சாய்த்தார்கள். எழுத்துப் பெட்டிகளைச் சன்னல் வழியாகக் கொட்டினார்கள், ஈயம் ஆலங்கட்டி மழை மாதிரித் தெருவில் விழுந்தது. விதவையை முக்காட்டோடு மயிரைப் பிடித்து இழுத்து வாசலில் போட்டார்கள். ஏனோக்கின் வலது கையைக் கல்மேசையில் வைத்து, ஒருவன் சம்மட்டிக் காம்பால் அடித்தான். எலும்பு உடைகிற சத்தம் ஈரக்கட்டை முறிகிற மாதிரி கேட்டது. அதற்குப் பிறகு அந்த மனுஷன் ஒரு எழுத்துகூடக் கோர்க்கவில்லை.

கிரிம்ஸ்டன் அந்தத் தாளை விரித்துக் காட்டினான். "இதை அடிச்சது யாரு? எழுதினது யாரு?"

ஆம்ப்ரோஸ் தாளைப் பார்த்தார். நடுவில் வட்டமாக எண்ணெய்க்கறை. ஒரு கணம் அவர் கண் மூடித் திறந்தது, அவ்வளவுதான்.

"நாந்தான் இழுத்தேன். பிரதி கொண்டுவந்ததும் நான். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பிரசங்கத்தோட ஒரு பகுதின்னு சொல்லி ஏமாத்துனேன்."

"அப்பத்துக்கு அடியில எப்படிப் போச்சு?"

"மை கெட்ட தாளோட தாளா நானே கலந்து குடுத்துட்டேன். என் முட்டாள்தனம்."

முகத்தில் குத்தினார்கள். இரண்டு பல் மேசைமேல் விழுந்தது. "எழுதினது யாரு?" மறுபடி குத்தினார்கள். அவர் இரத்தத்தைத் துப்பிவிட்டு, உடைந்த அச்சுப்பொறியைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையைக் கட்டி இழுத்துப்போனார்கள்.

ஏனோக்தான் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏவிஸிடம் வந்து சொன்னார். அப்பத்துக்கு அடியிலிருந்த தாள் என்று அவர் சொன்னபோது, அவள் மாவு பிசைந்த கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அண்ணே. தல சுத்துது." தேவனிடத்தில் மட்டும் சொன்னாள். தேவன் அப்போது ஒன்றும் பதில் சொல்லவில்லை.

ராஜாவின் ஆலோசகர்கள் உட்காருகிற மன்றத்தில் ஆம்ப்ரோஸை நிறுத்தினார்கள். அங்கே குற்றவாளியா இல்லையா என்று சொல்கிற ஊர்க்காரர் பன்னிரண்டு பேர் கிடையாது. முதலில் வேதத்தின் மேல் கைவைத்து, கேட்கிற எல்லாவற்றுக்கும் உண்மை சொல்வேன் என்று சத்தியம் செய்யவேண்டும். அதற்குப் பிறகுதான் கேள்வி என்ன என்று சொல்வார்கள்.

"மாட்டேன் ஐயா" என்றார் ஆம்ப்ரோஸ்.

"வேதத்தை மறுக்கிறாயா?"

"வேதத்தை இல்லீங்க. என்ன கேப்பீங்கன்னே தெரியாம எப்படிச் சத்தியம் பண்றது? வெத்துத்தாள்ல கையெழுத்துப் போடச் சொல்ற மாதிரி இருக்கு. ஆண்டவர் பேரை அப்படிப் போட முடியாதுங்க."

"மை பூசுறவன் மன்றத்துக்குச் சட்டம் சொல்லித்தரான்!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். வண்டிவாலில் கட்டிச் சாட்டையடி. தண்டனைப் பலகையில் நிறுத்தி இரண்டு காதும் அறுப்பு. எழுதினவன் பெயரைச் சொல்கிற வரைக்கும் சிறை. எப்போது சொன்னாலும் அப்போதே மீதித் தண்டனை ரத்து.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் ஏவிஸ் பிடித்துக்கொண்டாள். ஒரு பெயர். ஒரு பெயரைச் சொன்னால் போதும், மனுஷன் முழுசாக வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஜூன் மாதத்து வெயிலில் சிறைவாசலிலிருந்து வண்டி கிளம்பியது. ஆம்ப்ரோஸை இடுப்புவரை உரித்து, கையிரண்டையும் வண்டியின் பின்கட்டையில் கட்டியிருந்தார்கள். சாட்டை, முடிச்சுப் போட்ட மூன்று சரடு. முதல் அடியில் தோல் சிவந்தது. தெருமுனை திரும்புவதற்குள் கிழிந்தது. பாலத்தடியில் வந்தபோது முதுகில் தோல் என்று ஒன்று இல்லை, கசாப்புக்கடையில் தொங்குகிற இறைச்சிதான். ஒவ்வொரு அடிக்கும் இரத்தம் தெறித்து, அடிக்கிறவன் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உயர்ந்த அந்த வலது தோளை அவன் குறிபார்த்தே அடித்தான்.

ஏவிஸ் வண்டியோடு கூடவே நடந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. மூன்றாவது தெருவில் ஆம்ப்ரோஸுக்குக் கால் மடங்கியது, வண்டி அவரைக் கற்களின் மேல் இழுத்துக்கொண்டு போனது. அப்போதுதான் அவள் ஓடிப்போய் அவர் முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

"சொல்லித் தொலைங்களேன்! யாரோ ஒரு பெரிய மனுஷன், அவன் இப்ப மெத்தையில படுத்திருப்பான். அவன் உங்களுக்கு அண்ணனா தம்பியா? பேரைச் சொல்லுங்க!"

மீன்காரி ஒருத்தி கூட்டத்திலிருந்து குரல்கொடுத்தாள். "ஏ அப்பக்காரி! உன் புருஷன் ஆம்பளையா நிக்கிறாரு, நீ ஏன்டி நடுவுல ஊளையிடுற?"

"உன் புருஷனைக் கொண்டாந்து கட்டுடி, அப்புறம் பேசு!" என்றாள் ஏவிஸ். மீன்காரி கூட்டத்துக்குள் நழுவிவிட்டாள். ஆம்ப்ரோஸ் மட்டும் தலையைத் தூக்கி ஏவிஸைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அதற்கும் ஒரு அடி விழுந்தது.

தண்டனைப் பலகையின் துளையில் கழுத்தையும் கையையும் மாட்டினார்கள். மேடைக்குக் கீழே நின்ற மன்றத்து அதிகாரி கேட்டான், "இப்பவாவது சொல்றியா?"

ஆம்ப்ரோஸ் ஜனங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். குரல் கரகரத்தது. "நான் படிக்காதவன். ஆனா அந்த எட்டுப் பக்கத்தை ஆயிரத்தைந்நூறு தடவை இழுத்திருக்கேன். ராஜா சத்தியம் பண்ணியிருக்காரு. அதை நாம ஞாபகப்படுத்தினா—"

வாயில் கட்டையைத் திணித்தார்கள். உதடு இரண்டு பக்கமும் கிழிந்தது. பிறகு இடது காதைப் பலகையோடு சேர்த்து ஆணி அடித்தார்கள். சுத்தியல் மூன்று தரம் விழுந்தது. கூட்டத்தில் யாரும் அழுகிய முட்டை எறியவில்லை. யாரோ சங்கீதம் பாட ஆரம்பித்தார்கள், அதிகாரி ஆளை விட்டு அடித்து நிறுத்தினான். இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கவைத்துவிட்டு, தண்டனை நிறைவேற்றுகிறவன் ஏறி வந்தான். அவன் கத்தி மழுங்கல். இடது காதை அறுக்க ஒரு இழுப்புப் போதவில்லை, ரொட்டி அறுக்கிற மாதிரி அறுத்தான். வலது காதை அறுக்கும்போது கன்னத்துச் சதையும் சேர்ந்து வந்தது. கட்டைக்குப் பின்னாலிருந்து ஆம்ப்ரோஸ் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை. ஏவிஸ் மேடைக்குக் கீழே முழங்காலிட்டாள். மேலேயிருந்து சொட்டின இரத்தம் அவள் முக்காட்டில் விழுந்தது, அவள் நகரவில்லை.

பெண்கள் சிலர் கைக்குட்டைகளை அந்த இரத்தத்தில் நனைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே அந்த எட்டுப் பக்கம் வேறு எங்கோ வேறு ஒரு எழுத்தில் மறுபடி அச்சாகி, ஆற்றுப்படித்துறை வரைக்கும் வந்துவிட்டது. அடிக்க அடிக்கப் பரவுகிற நெருப்பாகிவிட்டது அது.

சிறையில் காலில் இரும்பு போட்டார்கள். பெயர் கேட்டு வாரம் ஒருமுறை அடித்தார்கள். முதுகுப் புண் ஆறுவதற்குள் மறுபடி கிழித்தார்கள். அறுபட்ட காதில் சீழ் வைத்து முகம் வீங்கிப்போயிற்று. மூன்று மாதம் கழித்து, அப்பத்துக்கு ஆசைப்பட்ட சிறைக்காவலன் ஒருவன் ஏவிஸை உள்ளே விட்டான். அதுதான் அவர்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டது. அதற்கு ஒன்பதாம் நாள் சிறைக்காய்ச்சலில் ஆம்ப்ரோஸ் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மூன்று வருஷம் கழித்து வேறு வழியில்லாமல் ராஜா பார்லிமெண்டைக் கூட்டினார், அடைபட்டவர்களெல்லாம் வெளியே வந்தார்கள். எழுதினவர் இன்னார் என்று அப்போதும் யாரும் முன்னால் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

அந்தக் கடைசிச் சந்திப்பில் ஏவிஸ் சுவரோரம் குந்தி, மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. காதுத்துளை இரண்டும் சீழ் பிடித்து அடைத்திருந்தது.

"என்ன?"

மறுபடி சொன்னாள்.

"உரக்கச் சொல்லுடி."

அடுத்த அறையில் கைதிகள், வாசலில் காவலன். இருந்தும் அவள் கத்தினாள். "அந்தத் தாளை அப்பத்துக்கு அடியில வச்சது நாந்தான்! என்னாலதான் உங்களுக்கு இந்தக் கதி!"

காவலன் தின்றுகொண்டிருந்த அப்பத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"தெரியும்" என்றார் ஆம்ப்ரோஸ்.

"தெரியுமா?"

"அவன் தாளை விரிச்சப்பவே தெரியும். உன் கை ஜாதிக்காய் வாசனை. வேற எவ அவ்வளவு போடுறா?"

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல? ஏன் திட்டல? நடுத்தெருவுல நின்னு பேரைச் சொல்லுங்கன்னு கத்தினேனே, அப்பவாவது—"

"பரண்ல வச்சது நான்தானே. உங்கிட்ட சொல்லாம வச்சேன். கேட்டு வாங்கினதும் நான்தான், முதலாளியம்மா வேண்டாம்னு சொல்லியும்." வீங்கின கையால் அவள் தலையைத் தொட்டார். விரல்கள் முன்போல மடங்கவில்லை. "இதுல அழ என்ன இருக்கு?"

அவள் அழுதுதான் தீர்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் காதுத்துளையோரம் வாயை வைத்துக் கேட்டாள். "எனக்கு மட்டுமாவது சொல்லுங்க. அவர் யாரு? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். என் புருஷன் யாருக்காகச் சாகுறாருன்னு எனக்குத் தெரியவேண்டாமா?"

காவலன் சாவியைக் குலுக்கினான்.

"என்னை முடிச்சுட்டு உன்னைக் கூப்பிடுவாங்க, ஏவிஸ். வேதத்துமேல கை வைக்கச் சொல்லுவாங்க. அன்னைக்கு நீ தெரியாதுன்னு சொல்லணும், அது பொய்யா இருக்கக்கூடாது. எழுந்திரி. அவன் கதவை மூடணும்."